டேப்பட் சத்தத்துக்குக் கெட்டி ஆயில் மருந்து இல்லை

சார்ஜாவில் அல் பதாயர் மணல்மேடுகளில் வாடகைக்கு ஓடும் குவாட் பைக்குகள் குளிர்கால சீசன் முழுக்க எங்கள் கேரேஜுக்கு வந்துகொண்டே இருக்கும். அடிக்கடி கேட்கும் புகார் இதுதான்: "அண்ணே, மேலே டிக் டிக்னு சத்தம் வந்துச்சு, 20டபிள்யூ-50 ஊத்துனோம், கொஞ்ச நாள் நின்னுச்சு, திரும்ப வந்துருச்சு." இந்த டிக் டிக்தான் டேப்பட் சத்தம், வால்வைத் திறந்து மூடும் பாகங்கள் தட்டிக்கொள்வது. 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் அமுங்கும், உண்மைதான். ஆனால் சத்தம் ஏன் வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு ஆயில் ஏறாமல், அங்கே வால்வை அசைக்கும் கேம் காய்ந்துகொண்டிருந்தால், கெட்டி ஆயில் காதைத்தான் ஏமாற்றும், கேமை அல்ல.

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் பிரஷர். ஆயில் பம்ப் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இவ்வளவு என்று ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. போகிற வழியில் எவ்வளவு தடை இருக்கிறதோ அதுதான் கேஜில் பிரஷராகத் தெரியும். ஆயில் கெட்டியானால் தடை கூடும், முள்ளும் ஏறும், ஓட்டுபவருக்கும் சந்தோஷம். காலையில் வண்டி சில்லென்று இருக்கும்போது கெட்டி ஆயிலால் பிரஷர் அளவுக்கு மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து ஒரு பங்கு ஆயிலைத் திருப்பிவிட்டுவிடும், கடைசியில் இருக்கும் கேமுக்கும் அது அசைக்கும் ராக்கருக்கும் ஆயில் தாமதமாகத்தான் போய்ச் சேரும். முள் மேலே நிற்பதும் பார்ட்ஸ் நனைந்திருப்பதும் ஒன்றில்லை.

சரி, எந்த ஆயில்? நம்பரைப் பார்ப்பதற்கு முன்னால் கிளட்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காலால் கியர் மாற்றும் வண்டிகளில் பெரும்பாலும் கிளட்ச் பிளேட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும், கியர்பாக்ஸும் அதே ஆயில்தான். இவற்றுக்கு டப்பாவில் ஜாஸோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்று இருந்தால் அது வழுக்கல் கூடிய ஆயில், டிரை கிளட்ச் ஸ்கூட்டர்களுக்கானது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் அடுக்கியிருக்கும், இரண்டு டப்பாவிலும் இருசக்கர வண்டிப் படம்தான் இருக்கும், அதனால் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள். காருக்கான 5டபிள்யூ-30 ஆயில்களில் ஏபிஐ (அமெரிக்கத் தரக் குறியீடு) வட்டத்தின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று போட்டிருந்தால் அதுவும் வேண்டாம். எரிபொருள் மிச்சமாக உரசலைக் குறைத்துச் செய்த ஆயில் அது, கிளட்ச் பிளேட்டுக்கோ உரசல்தான் பிழைப்பு.

"எங்க வண்டி பெல்ட் டிரைவ், ஆட்டோமேட்டிக், அதுக்குக் கார் ஆயில் போதும்" என்று ஒரு கூட்டம் சொல்லும். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேனுக்கு அந்தக் கவலை இல்லை, அதன் கிளட்ச் ஆயிலைத் தொடுவதே கிடையாது. யமஹா கிரிஸ்லியிலும் சுஸுகி கிங்குவாடிலும் பெல்ட்டோடு கூடவே என்ஜின் ஆயிலில் நனைந்தபடி, சுற்றும் வேகத்தில் தானாகப் பிடிக்கும் ஒரு சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் இருக்கிறது. பெல்ட்டைப் பார்த்துவிட்டுக் கார் ஆயில் ஊற்றினால் அந்தக் கிளட்ச் மேட்டில் நழுவும், அப்புறம் பெல்ட் தேய்ந்துவிட்டது என்று பெல்ட்டை மாற்றிக் காசைத் தொலைப்பார்கள்.

நம்பர் விஷயத்தில் என் பேச்சையும் கேட்க வேண்டாம், கடைக்காரர் பேச்சையும் கேட்க வேண்டாம். வண்டியோடு வந்த மேனுவலில் வெளிவெப்பத்துக்கு ஏற்ப எந்தக் கிரேடு என்று அட்டவணை இருக்கும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் உள்ளது 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மைக்கு. கோடையில் இங்கே 45 டிகிரியைத் தாண்டும், மணலில் வண்டி மெதுவாகத் திணறும்போது காற்றும் படாது, அதனால் 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 இரண்டையும் மேனுவல் அனுமதித்தால் நான் 40-ஐத்தான் எடுப்பேன். கியர்பாக்ஸும் அதே ஆயிலில் ஓடும் வண்டிகளில் கியர் பற்கள் ஆயிலை நசுக்கி நசுக்கி 40-ஐ 30 ஆக்கிவிடும், ஆகவே விலை உயர்ந்த ஆயில் வாங்கி நீண்ட நாள் ஓட்டுவதைவிட மட்டமில்லாத நடுத்தர ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இனி செக் பண்ணுவது. பல ஏடிவிகளில், அதாவது குவாட் பைக்குகளில், பிரஷர் கேஜ் கிடையாது, சிலவற்றில் எச்சரிக்கை விளக்குகூடக் கிடையாது. யமஹா மேனுவல்களில் இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சிலிண்டர் ஹெட்டில் ஆயில் கேலரி போல்ட் என்று சின்னதாக ஒன்று இருக்கும். ஆயில் லெவல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதை முழுசாகக் கழற்றாமல் லேசாகத் தளர்த்தி, ஸ்டார்ட் செய்து ஐடிலிலேயே விடுங்கள். ஆயில் கசிந்து வந்தால் பம்ப் ஹெட் வரை தள்ளுகிறது என்று அர்த்தம். ஒரு நிமிடம் ஆகியும் வரவில்லையா, உடனே ஆஃப். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வந்துவிடும் என்று முறுக்காதீர்கள். போல்ட்டைத் திரும்ப இறுக்கும்போது மேனுவலில் போட்டிருக்கும் அளவோடு நிறுத்துங்கள், அலுமினிய மரை, பலம் காட்டினால் பிய்ந்துவிடும்.

கேஜ் மாட்டிப் பார்ப்பதாக இருந்தால் என்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் பார்க்க வேண்டும், குளிர்ந்த ஆயில் எல்லா என்ஜினுக்கும் நல்ல மார்க் போடும். எத்தனை பிஎஸ்ஐ வர வேண்டும் என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும். பழைய ஸ்போர்ட்ஸ்மேன் 500-க்குச் சூட்டில், 5500 ஆர்பிஎம்மில் 20 பிஎஸ்ஐதான் கணக்கு, 12-க்குக் கீழே போனால்தான் கோளாறு. கார் மெக்கானிக் யாராவது இதைப் பார்த்தால் என்ஜின் போச்சு என்று பிரித்துப்போட்டுவிடுவார். அதன் கிராங்க் உருளும் பேரிங்கில் ஓடுகிறது, காரைப் போல் ஆயில் படலத்தின் மேல் சுழலும் ஷெல் பேரிங்கில் இல்லை, அதற்கு அவ்வளவு பிரஷர் தேவையே இல்லை.

ஆயில் மேலே வரவில்லை என்றால் பம்ப்பைப் பழி சொல்வதற்கு முன்னால் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஹோண்டா ஏடிவிகளில் பலவற்றுக்கு ஸ்பிரிங்கோடு வரும் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர்தான். அதன் ஒரு பக்கத்தில் 'அவுட் சைட்' என்றே எழுதியிருப்பார்கள், அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் மூடி அழகாக மூடிக்கொள்ளும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஆயில் போக வேண்டிய வழி அடைபட்டிருக்கும். ஆயில் மாற்றிய கையோடு சத்தம் ஆரம்பித்த வண்டி என்றால் நான் முதலில் கை வைப்பது அங்கேதான். அதற்கப்புறம் ஓரிங், அடியில் இருக்கும் சல்லடை, ரிலீஃப் வால்வு, கடைசியாகத்தான் பம்ப்.

லெவல் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். ஹோண்டாவில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா செருகித்தான் பார்க்க வேண்டும், வேறு கம்பெனிகளில் முறை மாறும். டிஆர்எக்ஸ் 400இஎக்ஸ் போல ஆயில் டேங்க் தனியாக இருக்கும் வண்டிகளில் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திப் பார்க்காவிட்டால் குறைவாகக் காட்டும், அதை நம்பி மேலும் ஊற்றினால் மிச்சம் ஏர் ஃபில்டர் இருக்கும் ஏர் பாக்ஸுக்குப் போகும். மறுபக்கம், ஆயில் குறைவாக இருக்கும் வண்டியைச் செங்குத்து மேட்டில் ஏற்றினால் ஆயில் ஒரு மூலைக்கு ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். லெவல் தானாகவே கூடியிருந்தால் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டர் மிதவை ஒழுகி ஆயிலை நீர்க்க வைத்திருக்கிறது, பிரஷர் விழுவதற்கு அது ஒன்றே போதும். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர், மணலில் மட்டுமே ஓடிய வண்டியில் அது பெரும்பாலும் ரேடியேட்டர் தண்ணீர்தான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். சத்தம் கேட்ட வண்டியை "எப்படி வருதுன்னு கேளுங்கண்ணே" என்று கேரேஜ் வரை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். நின்ற இடத்திலேயே ஆஃப் செய்து பிக்கப்பில் ஏற்றுங்கள், போனில் பத்து விநாடி வீடியோ இருந்தால் எனக்கு அது போதும்.