ஏறத் தெரிந்த கிளிக்கு இறங்கத் தெரியவில்லை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒற்றைப் பனை ஒன்று நிற்கிறது. எழுபது, எண்பது அடி இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம், அந்தப் பனையின் உச்சி மட்டையில் எங்கள் வளர்ப்புக் கிளி மஞ்சு இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தது. கீழே நாங்கள் கூண்டைத் தூக்கிக் காட்டினோம், சூரியகாந்தி விதை டப்பாவைக் குலுக்கினோம், பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். அதுவும் பதிலுக்குக் கத்தியது. கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தது. இறக்கையைப் பாதி விரித்து உடம்பை முன்னால் சாய்க்கும்; இதோ வந்துவிட்டது என்று நினைப்போம்; மறுபடி மட்டையை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

கள்ளு இறக்கும் அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்தேன். மரத்தை அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “நான் ஏறுனா அது இன்னொரு மரத்துக்குப் போயிரும் தம்பி. வரணும்னு அதுக்கு ஆசைதான். எறங்கத் தெரியல, அவ்வளவுதான்” என்றார்.

பறவைக்கு இறங்கத் தெரியாதா என்று அன்றைக்கு மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னது முழுக்க உண்மை என்பது பின்னால் படித்தும் பார்த்தும்தான் புரிந்தது. வளர்ப்புக் கிளியைத் திறந்த வெளியில் பறக்கவிட்டுத் திரும்ப அழைக்கும் ‘ஃப்ரீ ஃப்ளைட்’ இப்போது நம் பக்கமும் பரவுகிறது. தோளிலிருந்து கிளம்பி, வயலை ஒரு சுற்றுச் சுற்றி, கூப்பிட்டதும் கையில் வந்து உட்காரும் கிளியின் வீடியோவைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பாசத்தால் திரும்பி வருகிறது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். பாசம் இருக்கட்டும். ஆனால் அதைக் கீழே கொண்டுவருவது அதன் உடம்பு பழகிய வித்தை. அந்த வித்தை இல்லாத கிளியை வெளியே விடுவது, நீச்சல் தெரியாத குழந்தையைக் கிணற்றில் இறக்குவது போலத்தான்.

முதலில் ஏறுவதைப் பார்ப்போம். கிளியின் நெஞ்சில் இரண்டு அடுக்குத் தசை. வெளியே இருக்கும் பெரிய தசை இறக்கையைக் கீழே அடிக்கிறது. அதற்கு அடியில் இருக்கும் சின்னத் தசை இறக்கையை மேலே தூக்குகிறது. நெஞ்சில் இருந்துகொண்டு எப்படி மேலே தூக்கும்? தோளில் மூன்று எலும்புகள் கூடும் இடத்தில் ஒரு துளை இருக்கிறது. சின்னத் தசையின் நாண் அந்தத் துளை வழியாக ஏறி, இறக்கை எலும்பின் மேல்பக்கத்தில் போய் ஒட்டுகிறது. கிணற்று உருளையில் கயிற்றைக் கீழே இழுத்தால் வாளி மேலே வருமே, அதே ஏற்பாடு. கனமான தசைகள் இரண்டும் உடம்பின் அடிப்பக்கத்திலேயே இருப்பதால் பறவை காற்றில் கவிழ்வதும் இல்லை. மூச்சும் அப்படித்தான். நுரையீரலோடு சேர்ந்த காற்றுப் பைகள் இருப்பதால், மூச்சை இழுத்தாலும் விட்டாலும் புதுக்காற்று நுரையீரலுக்குள் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு நாளும் வெளியே பறக்காத கிளியும் மிரண்டால் பனை உச்சிக்கு ஏறிவிடும். பலம் இருந்தால் போதும், ஏறுவதற்குப் பெரிய பழக்கம் தேவையில்லை.

இறங்குவது வேறு. செங்குத்தாகக் கீழே வந்தால் வேகம் கூடிக்கொண்டே போகும். அந்த வேகத்தில் கிளையில் உட்கார முடியாது, மோதத்தான் முடியும். ஆகவே உயரத்தையும் குறைக்க வேண்டும், வேகமும் கூடக் கூடாது. ஆழியாரிலிருந்து வால்பாறைக்குப் போகும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மலையிலிருந்து நேராக ஒரு ரோடு போட்டால் எந்த லாரியும் பத்திரமாக இறங்காது என்பதால்தான் அத்தனை வளைவு. பழகிய பறவை தனக்கு வேண்டிய கொண்டை ஊசி வளைவுகளைக் காற்றிலேயே போட்டுக்கொள்கிறது. வட்டம் வட்டமாகச் சுற்றி இறங்கும். கடைசியில் உட்காரும் இடம் நெருங்கும்போது உடம்பை நிமிர்த்தி, வாலை விசிறியாக விரித்து, இறக்கையின் முகத்தைக் காற்றுக்கு எதிராகத் தூக்கி பிரேக் போடும்.

அந்த பிரேக்கிலும் ஓர் ஆபத்து உண்டு. இறக்கையை அளவுக்கு மேல் தூக்கினால், மேல்பக்கத்தில் ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துகொள்ளும். தாங்கும் விசை பொசுக்கென்று போய்விடும், பறவை கல்லாக விழும். இதைத் தடுக்க இறக்கையின் முன் விளிம்பில், நம் கட்டைவிரல் இருக்கும் இடத்தில், சின்ன இறகுக் கொத்து ஒன்று இருக்கிறது. மெதுவாகப் பறக்கும்போது அது எழுந்து நிற்கும். அதன் இடுக்கு வழியாகப் பாயும் காற்று, மேல்பக்கத்துக் காற்றைப் பிய்ந்துபோகாமல் இறக்கையோடு ஒட்டவைக்கும். விமானம் இறங்கும்போது இறக்கையின் முன் விளிம்பிலிருந்து ஒரு தகடு நீண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் இதே வேலைதான். கிளிக்கு இந்த உறுப்பு பிறப்பிலேயே வந்துவிடுகிறது. எந்த உயரத்தில் சுற்ற ஆரம்பிப்பது, எவ்வளவு தூரத்தில் பிரேக் போடுவது என்ற கணக்கு மட்டும் பறந்து பறந்து, சில தடவை தவறி விழுந்துதான் வரும். காட்டுக் குஞ்சு கூட்டை விட்டு வந்த முதல் சில வாரங்களில், பெற்றோரோடு மரத்துக்கு மரம் தாவி இதைப் படித்துவிடுகிறது.

மஞ்சுவுக்கு அந்த வாரங்கள் கிடைக்கவில்லை. அது சன் கன்யூர் இனம். கயானா, வட பிரேசில் பக்கத்துக் கிளி. நூறு கிராம் சொச்சம் எடை. நாங்கள் வாங்கும்போதே சிறகு வெட்டியிருந்தது. “வெட்டின கிளி எங்கயும் போகாது” என்றார் விற்றவர். நாங்களும் நம்பினோம். கிளி ஜோசியரின் கூண்டைத் திறந்தால் கிளி நடந்து வந்து சீட்டெடுத்துவிட்டு நடந்தே உள்ளே போகும். சின்ன வயதில் அதைப் பார்த்து, நன்றாகப் பழக்கியிருக்கிறார் என்று நினைத்திருக்கிறேன். பறக்க முடியாததால்தான் நடக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

கிளியின் ஒவ்வோர் இறக்கையின் நுனிப்பகுதியிலும் 10 பெரிய இறகுகள் உண்டு. முன்னால் உந்துவது பெரும்பாலும் இவைதான். வெட்டுகிறவர்கள் இவற்றில் வெளிப்பக்கத்து ஐந்தாறு இறகுகளை வெட்டுகிறார்கள். வளர்ந்து முடிந்த இறகு நகத்தைப் போல உயிரற்றது. வெட்டினால் வலிக்காது, வெட்டினது வளரவும் வளராது. ஆனால் சீசனுக்கு இறகு உதிரும்போது வெட்டுப்பட்ட அடியும் கழன்று விழுந்து, அந்த இடத்தில் முழு இறகு முளைக்கிறது. ஒன்றிரண்டாக, மாதக்கணக்கில் நடப்பதால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. ஒரு நாள் கொல்லைக் கதவு காற்றில் அறைந்தது, மஞ்சு மிரண்டு எழும்பியது, போய்விட்டது. இறக்கை முழுசாக இருந்தது. அதை வைத்து இறங்கிப் பழகிய அனுபவம் ஒரு நாள்கூட இல்லை. சிறகு வெட்டுவது பாதுகாப்பு என்று இனி யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஊர் இருக்கும் இடமும் சேர்ந்துகொண்டது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத வாசல்: பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் முட்டி, இந்த வாசல் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கமும் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது இதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். நூறு கிராம் கிளி எம்மாத்திரம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிளி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது, காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிரண்ட கிளி காற்று போகிற திசையிலேயே ஐந்து நிமிடம் பறந்தால், இரண்டு வேகமும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் போய்விடும். எங்கள் ஊரிலிருந்து அது தமிழ்நாட்டு எல்லைப் பக்கம். திரும்பும்போது எதிர்க்காற்று. 40இல் 30 போக, மிஞ்சுவது 10தான். ஐந்து நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பக் கடக்க 35 நிமிடம் விடாமல் இறக்கை அடிக்க வேண்டும். கூண்டில் வளர்ந்த கிளிக்கு அந்தத் தம் ஏது? மஞ்சு பக்கத்துப் பனையிலேயே நின்றது எங்கள் அதிர்ஷ்டம்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். காற்றைச் சமாளிக்கும் திறமையில் ஒரு பங்கு கிளிக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லவ்பேர்ட்ஸ் என்ற சின்னக் கிளிகளை நீண்ட கூண்டு ஒன்றில் பறக்கவிட்டு, பாதித் தூரம் ஒரு பக்கத்திலிருந்தும் மீதித் தூரம் மறுபக்கத்திலிருந்தும் காற்றை அடிக்கவைத்தார்கள். 2019இல் வெளியான ஆய்வு இது. பறவைகள் தலையைப் போகவேண்டிய இடத்தை நோக்கியே வைத்திருந்தன. உடம்பு மட்டும் காற்றடித்த பக்கம் திரும்பிக்கொண்டது. இருட்டில், ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி மட்டும் தெரிந்தபோதும் போய்ச் சேர்ந்தன. எங்கே போக வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் கிளி காற்றில் தடுமாறுவதில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

தொலைந்துபோகும் கிளிக்கு அதுதான் தெரிவதில்லை. மஞ்சுவுக்கு எங்கள் வீடென்றால் சமையலறை ஜன்னல், ஃபேன், டிவிக்கு மேலே உள்ள அலமாரி. பனை உச்சியிலிருந்து அது பார்த்தது ஓட்டுக் கூரைகளையும் தென்னந்தோப்பையும். அவற்றில் எது தன் வீடு என்று அதற்கு யார் காட்டினார்கள்? அதனால்தான், முறையாகப் பழக்குகிறவர்கள் பறக்கவிடுவதற்கு முன்பே கிளியைச் சின்னக் கூண்டில் வைத்து மொட்டை மாடியிலும் வயல் வரப்பிலும் பல நாள் உட்காரவைக்கிறார்கள். மேலிருந்து ஊர் எப்படி இருக்கும் என்பது அதன் மனசில் பதிய வேண்டும்.

அடுத்தது குரல். கிளிக்கூட்டம் பறக்கும்போது ஏன் ஓயாமல் கத்துகிறது? ‘நான் இங்கே, நீ எங்கே’ என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே போகின்றன. வெனிசுவேலாவில் சின்னக் கிளி இனம் ஒன்றின் கூடுகளில் கேமரா வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு குஞ்சுக்கும் தனக்கென்று ஓர் அழைப்பொலி இருக்கிறது. அதைக் குஞ்சு பெற்றோரிடமிருந்து கற்றுக்கொள்கிறது. பெயர் வைக்கிற மாதிரிதான். நாம் வளர்க்கும் கிளிக்கு நாம்தான் கூட்டம் என்பதால் அந்த ஒலியை நம் குரலில் தேடும்.

மூன்றாம் நாள் விடிகாலை அப்படித்தான் நடந்தது. அம்மா தினமும் காலையில் கூண்டுத் துணியை விலக்கும்போது நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம் கொடுப்பார். கீழே நின்று பயனில்லை என்று பக்கத்து வீட்டு இரண்டாம் மாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் கூண்டை வைத்து, அதே சத்தத்தைக் கொடுத்தார். காற்று அப்போது அடங்கியிருந்தது. மஞ்சு பதில் சொன்னது. பனையிலிருந்து அதைவிடத் தணிந்த தென்னைக்கு வந்தது. அங்கே பத்து நிமிடம். அப்புறம் முருங்கைக் கிளைக்கு வந்தது. கிளை வளைந்து அது தலைகீழாகத் தொங்கியது. பிறகு கைப்பிடிச் சுவர். ஒரே தாண்டாக வர முடியாத உயரத்தை மூன்று படியாக வந்தது. யாருடைய கிளியாவது மரத்தில் மாட்டிக்கொண்டால் இதை நினைவில் வையுங்கள்: கீழே நின்று கூப்பிடாமல், அதன் உயரத்துக்கு நீங்கள் ஏறுங்கள், நடுவில் தங்க ஒரு கிளை இருக்கிற பக்கமாக நில்லுங்கள், விடிகாலையில் கூப்பிடுங்கள், அப்போது பசியும் இருக்கும், கிளிகள் குரல் கொடுக்கும் நேரமும் அதுதான்.

ஃப்ரீ ஃப்ளைட் பழக்குகிறவர்கள் இத்தனையையும் வரிசையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். குஞ்சு முதன்முதலில் பறக்கும் வயதிலேயே தொடங்குகிறார்கள். கூப்பிட்டால் வருவதை அறைக்குள் ஒரு முழத் தூரத்திலிருந்து ஆரம்பித்து, வந்ததும் உடனே ஒரு விதை. ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள். பத்துத் தடவை கத்தினால், முதல் ஒன்பதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை என்று கிளி கற்றுக்கொள்ளும். கிராம் தராசில் தினமும் எடை பார்ப்பார்கள். மாடிப்படியின் மேலே விட்டுக் கீழிருந்து கூப்பிட்டு இறக்கம் பழக்குவார்கள். பட்டினி போட்டுப் பழக்குவதாகச் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. வேளைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் பழக்கினாலே போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் வைரி என்ற வேட்டைப் பறவை இருக்கிறது. மேலே வட்டமிடும் பருந்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மரக்கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்து, சட்டென்று பாயும் சின்ன வைரிதான் உண்மையில் ஆபத்து. நெல் வயலில் இறங்கும் நம் ஊர்க் கிளிகளுக்குப் பச்சை நிறம் இலைக்குள் மறைய உதவும், பத்து ஜோடிக் கண் காவல் இருக்கும். தனியாகப் பறக்கும் மஞ்சள் கிளிக்கு இரண்டும் இல்லை. நோயும் உண்டு. கிளிகளின் அலகையும் இறகையும் சிதைக்கும் வைரஸ் ஒன்று வளர்ப்புக் கிளிகளிடம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத நீலச்சிறகுக் கிளி பறக்கும் காட்டோரத்தில் அதைக் கொண்டுபோய் விடக் கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பனம்பொந்தில் குஞ்சு எடுத்து வளர்க்கும் பச்சைக்கிளி உட்பட, நம் நாட்டுக் கிளி எதையும் வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சன் கன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுக் கிளிகளை 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

மஞ்சுவை நான் திறந்த வெளியில் விடுவதில்லை. வயது தாண்டிவிட்டது, எங்கள் ஊர்க் காற்றும் அப்படி. தோப்பில் இரண்டு தென்னைக்கு நடுவே வலை கட்டி, உள்ளே ஒரு பழைய மூங்கில் ஏணியைச் சாய்த்து வைத்திருக்கிறோம். முதல் மாதம் இரண்டாவது படியிலிருந்துதான் கைக்கு வரும். அதற்கு மேலே விட்டால், பனையில் செய்தது போலவே இறக்கையைப் பாதி விரித்து, சாய்ந்து, திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு படியாக ஏற்றினோம். போன தை மாதம் உச்சிப் படியில் விட்டுவிட்டு அம்மா கீழே நின்று ‘டொக் டொக்’ கொடுத்தார். மஞ்சு நேராக வரவில்லை. வலையோரமாக இடது பக்கம் ஒரு சுற்று, கொஞ்சம் தணிந்து இன்னொரு சுற்று. வால் விசிறியாக விரிந்தது. இறக்கையின் முன் விளிம்பில் அந்தச் சின்ன இறகுக் கொத்து எழுந்து நின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.