மருந்து எதிர்ப்பா, மருந்துக்கு மசியாமையா?

"உங்கள் படர்தாமரைக்கு மருந்து எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது." நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கத்து மருத்துவ முகாம்களில் இதை ஓயாமல் கேட்கிறேன். ஜூனில் பிடித்த மழை விடாத ஊர். இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைக் கட்டி, நனைந்த துணியோடு நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்று வருவது சகஜம். "எதிர்ப்பு சக்தி வந்தா நல்லதுதானே டாக்டர்?" என்று ஒரு அம்மா கேட்டார். கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீர் கொடுத்து வளர்க்கச் சொன்னதும் எதிர்ப்பு சக்தியைத்தானே! அவர் கேட்டதில் என்ன தப்பு?

டாக்டர்கள் சொல்ல வருவது 'டிரக் ரெசிஸ்டன்ஸ்', அதாவது கிருமியிடம் மருந்து பலிக்காமல் போவது. 'ரெசிஸ்டன்ஸ்' என்பதன் மூலம் 'ரெசிஸ்தெரே' என்ற லத்தீன் வினை. எதிர்த்து நிற்றல் என்று பொருள். அது ஆங்கிலம் வழியாக மருத்துவத்துக்கு வந்தது, நம்மவர்கள் 'எதிர்ப்பு' என்று பெயர்த்துவிட்டார்கள்.

சிக்கல் அங்கேதான். 'நோய் எதிர்ப்பு' என்றால் எதிர்ப்பது நம் உடல். 'மருந்து எதிர்ப்பு' என்றால் எதிர்ப்பது யார்? கிருமியா, மாத்திரையைத் துப்பும் நோயாளியா? இன்னும் பாருங்கள்: பூஞ்சையைக் கொல்வது 'பூஞ்சை எதிர்ப்பு மருந்து'. அது பலிக்காமல் போவது 'பூஞ்சை மருந்து எதிர்ப்பு'. இரண்டு சொல் இடம் மாறினால் பொருள் தலைகீழ்! முழுதாகப் பெயர்ப்பவர்கள் 'பூஞ்சை எதிர்ப்பு மருந்து எதிர்ப்பு' என்றே எழுதுகிறார்கள். எழுதியவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் இது அச்சேறியிருக்காது.

'தாங்குதிறன்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது வேறு. மருந்து வேலை செய்யும்போதே கிருமி மெல்ல உயிர்பிடித்துக் கிடப்பதற்கு அந்தச் சொல்லை விட்டுவைக்க வேண்டும்.

நடப்பது என்ன? படர்தாமரைக்குக் கொடுக்கும் டெர்பினாஃபின் மருந்து பூஞ்சையின் ஒரு நொதியைப் பிடித்து முடக்கி, அதன் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளை உருவாகவிடாமல் செய்கிறது. மரபணு மாற்றத்தால் நொதியின் வடிவம் மாறினால் மருந்துக்குப் பிடி கிடைக்காது. 2020இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற படர்தாமரைப் பூஞ்சையில் பல வகைகள் இப்படித்தான் தப்புகின்றன. பூஞ்சை எதையும் எதிர்த்துப் போராடவில்லை, மசியவில்லை, அவ்வளவுதான். எனவே 'மருந்துக்கு மசியாமை' என்பேன். எதற்கும் மசியாத ஆளைத் தெரியாத தமிழர் உண்டா? தேயிலையில் பூஞ்சையால் வரும் கொப்புள நோய்க்கு ஹெக்சகோனசோல் அடிக்கும் தோட்டக்காரருக்கும் இதே சொல் உதவும். படர்தாமரைக்கு நாம் விழுங்கும் இட்ராகோனசோலும் அதே குடும்பத்து மருந்துதான்.

பேச்சுவழக்காக இருக்கிறது, கலைச்சொல்லுக்குக் கம்பீரம் போதாது என்பார்கள். கல்லாமை, கொல்லாமை எல்லாம் குறளில் அதிகாரத் தலைப்பாகவே நிற்கின்றனவே!

ஆனால் குணமாகாத ஒவ்வொரு படர்தாமரையையும் 'மசியாதது' என்று சொல்லிவிடக்கூடாது. கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த க்ரீம் அரிப்பை அடக்கும். அதன் மறைவில் பூஞ்சை படரும், வட்டத்தின் விளிம்பும் மங்கி, பார்த்துக் கண்டுபிடிப்பதே கஷ்டமாகும். விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். அது மருந்துக்கு மசியுமா என்பது அதில் தெரியாது. வளர்த்துச் சோதிக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்த முடிவு வந்தபிறகே மசியாமை என்று எழுத வேண்டும். அதுவரை 'மருந்து பலிக்கவில்லை' என்று எழுதினால் போதும்.