கையொப்பம் எதைக் காக்கிறது?

"வெளிக் கடைச் செயலிகளைப் போட்டால் ஐபோனின் பாதுகாப்பே போய்விடுமாமே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தால் 2024 மார்ச்சில் ஆப்பிள் அங்கே பிற செயலிக் கடைகளுக்கு வழிவிட்டதிலிருந்து இந்தப் பயம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, பூட்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். செயலியின் நிரலைச் சிறு சிறு பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஹேஷ் என்ற 256 பிட் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். பக்கத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண்ணில் ஏறக்குறையப் பாதி பிட்டுகள் புரண்டுவிடும். இந்த எண்களின் பட்டியலுக்குத்தான் இரகசியச் சாவியால் கையொப்பம் இடுகிறார்கள். அதை, அந்தச் சாவியின் ஜோடியாக வெளிப்படையாகத் தரப்படும் பொதுச் சாவியால் போன் சரிபார்க்கிறது.

நான் சொக்கிப்போகும் இடம் இனிமேல்தான். நிறுவும்போது ஒருமுறை பார்த்துவிட்டுப் போன் சும்மா இருப்பதில்லை. செயலி ஓடும்போது ஒரு பக்கம் நினைவகத்துக்குள் வருகிறதா, அந்தக் கணமே இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் அதன் ஹேஷை மறுபடி கணக்கிட்டுப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பொருந்தவில்லையா, செயலியின் கதை அங்கேயே முடிந்தது. நாம் விரலால் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே இத்தனையும் நடக்கிறது!

ஆனால் கையொப்பம் சொல்வது இரண்டே விஷயம்: இது யாருடையது, நடுவில் யாரும் கைவைக்கவில்லை. நல்லதா கெட்டதா என்று அதற்குத் தெரியாது. 2015-இல் எக்ஸ்கோட்கோஸ்ட் என்ற தீநிரல், செயலி உருவாக்கும் கருவியின் போலிப் பிரதி வழியாகப் புகுந்து, முறையான கையொப்பத்தோடு ஆப் ஸ்டோருக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. சீன அரட்டைச் செயலியான வீசாட்டின் ஒரு பதிப்பிலும் அது இருந்தது.

அப்புறம், ஒரு செயலி இன்னொன்றின் கோப்புகளைத் தொடவிடாமல் தடுப்பது இயங்குதளம் போடும் வேலி. செயலி எந்தக் கடையிலிருந்து வந்தாலும் அந்த வேலி அப்படியே நிற்கும். கடை மாறும்போது மாறுவது, ஆப்பிளின் அடிப்படைச் சோதனைக்கு மேல் செயலியைச் சோதித்து அனுமதிப்பவர், கூடவே தரகுப் பணம் போய்ச்சேரும் இடம். பின்னதைப் பற்றிய கவலையும் பாதுகாப்புக் கவலையாக வேடம் போடுகிறது என்பது என் கட்சி.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டில் வெளியிலிருந்து வரும் வங்கித் திருட்டுச் செயலிகள் வேலியை உடைப்பதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் அனுமதியை நம்மிடமே கேட்டு வாங்கித் திரையைப் படிக்கின்றன. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 வெளிச்செயலிகளைத் தடை செய்யவில்லை. அவற்றுக்கு அந்த அனுமதி எளிதில் கிடைக்காதபடி மட்டும் செய்தது.