கேண்டரில் இறங்கி ஏறிய விமானங்களும் இறக்கையில் ஒட்டிய பனியும்

பெப்ரவரி மாதத்தில் ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போனவர்களுக்கு இது பழக்கமான காட்சி. கதவைச் சாத்துவார்கள், விமானம் நகரும். சரி, கிளம்பியாச்சு என்று நினைக்கிற நேரத்தில் ஒரு பெரிய திடலில் போய் நின்றுவிடும். இரண்டு பக்கமும் நீளக் கை வைத்த வண்டிகள் வந்து ஆரஞ்சு நிறத்தில் எதையோ பீய்ச்சும், பிறகு பச்சை நிறத்தில். லண்டனில் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அப்படிப் பீய்ச்சுகிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

"பிளேனை ஏன் தம்பி குளிக்க வார்க்கிறீங்கள்? மேல போனா அந்த ஸ்னோ காத்தில பறந்திடாதோ?" என்று ஒரு கலியாண வீட்டில் ஒரு மாமி கேட்டார். நல்ல கேள்விதான். விமானம் ஓட்டத் தெரிந்தவர்களே இப்படி நம்பியிருந்த காலம் உண்டு. தூளாகக் கிடக்கும் பனியில் கொஞ்சம் பறக்கும். அதன் அடியில் உலோகத்தோடு ஒட்டி உறைந்திருப்பது அசையாது. மேலே போன பிறகு நடப்பதைப் பற்றியே பேச்சில்லை. மேலே போவதற்கே அந்த இறக்கை வழுவழுப்பாக இருக்க வேண்டும். உப்புக்காகிதம் அளவுக்குச் சொரசொரப்பாக உறைபனி படிந்தாலே இறக்கையின் தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், பின்னுக்கு இழுக்கும் காற்றின் இழுவை 40 சதவீதம் வரை கூடலாம். இது விமானத்துறைப் பாடப்புத்தகங்களில் இருக்கும் கணக்கு. அதற்குக் கொடுத்த விலை தெரிய வேண்டுமென்றால் கேண்டருக்குப் போக வேண்டும்.

கேண்டர், நியூஃபவுண்ட்லாந்து தீவில் காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் ஒரு சிற்றூர். ஊருக்காக விமான நிலையம் வரவில்லை, விமான நிலையத்துக்காக ஊர் வந்தது. 1936இல் கட்டத் தொடங்கி 1938இல் முதல் விமானம் இறங்கியபோது அது உலகின் மிகப்பெரிய விமானத்தளங்களில் ஒன்று. காரணம் எளிது. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பூமியின் வளைவை ஒட்டி மிகக் குறுகிய பாதை போட்டால் கோடு ஏறக்குறைய கேண்டர் மேலேதான் போகும். ஜெட் வருவதற்கு முந்தைய பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு அட்லாண்டிக்கை ஒரே மூச்சில் தாண்ட எண்ணெய் போதாது. இந்தப் பக்கம் கேண்டர், அந்தப் பக்கம் அயர்லாந்தின் ஷானன். இரண்டிலும் இறங்கி, எண்ணெய் நிரப்பி, ஏறிப் போவார்கள்.

இப்படி நடுவழியில் இறங்கும் நிலையங்களுக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. நன்றாகப் பறந்து வந்த விமானம், தரையில் நின்ற ஒரு மணி நேரத்தில் வேறு விமானமாகிவிடுகிறது. தொட்டியில் எண்ணெய் நிறைந்து கனத்துப் போயிருக்கும். ஓட்டுபவர்கள் ஏற்கெனவே களைத்திருப்பார்கள். இறங்கி வந்த இறக்கை மேலே இருந்த கடுங்குளிரைச் சுமந்தபடி நிற்கும், அதன்மேல் தூறல் விழும். பயணிகள் காத்திருப்பதால் "சீக்கிரம் போவோம்" என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

கேண்டரின் விபத்துப் பட்டியலில் முதலில் வரும் பெரிய பெயர் நம் எல்லோர் வீட்டோடும் சம்பந்தப்பட்டது. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பாண்டிங், 1941 பெப்ரவரியில் இங்கிருந்து இங்கிலாந்துக்கு ஒரு ஹட்சன் குண்டுவீச்சு விமானத்தில் கிளம்பினார். எஞ்சின் கோளாறால் திரும்பும் வழியில் விமானம் மஸ்கிரேவ் ஹார்பர் அருகே காட்டில் விழுந்தது. விமானி மட்டும் பிழைத்தார்.

1946 செப்டம்பரில் பெல்ஜியத்தின் சபீனா நிறுவனத்தின் டிசி-4 விமானம் கேண்டரில் இறங்க வந்து, நிலையத்துக்குச் சுமார் 35 கிலோமீட்டர் தள்ளிக் காட்டில் மோதியது. 44 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மற்றவர்களைத் தரைவழியாகக் கொண்டுவரவே முடியாத சதுப்பு நிலம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை தன் ஹெலிகாப்டர்களைப் பிரித்துப் பெரிய விமானங்களில் ஏற்றிக் கொண்டுவந்து, கேண்டரில் மறுபடி பூட்டிப் பறக்கவிட்டது. சதுப்பில் பலகை அடுக்கி அதன்மேல் இறக்கினார்கள். ஹெலிகாப்டர் மீட்புப் பணிக்குப் பயன்படும் என்று உலகுக்குக் காட்டிய சம்பவங்களில் இதுவும் ஒன்று.

ஜெட் விமானங்கள் வந்ததும் பெரிய நிறுவனங்கள் கேண்டரை மேலேயே தாண்டிப் போகத் தொடங்கின. கியூபாவுக்குப் போகும் சோஷலிச நாட்டு விமானங்களும் வாடகை விமானங்களும் இறங்குவதை நிறுத்தவில்லை. 1967 செப்டம்பர் 5ஆம் தேதி செக்கோஸ்லோவாக்கியாவின் இலியூஷின்-18 விமானம் ஒன்று ஹவானாவுக்குக் கிளம்பிய உடனேயே விழுந்தது. 69 பேரில் 37 பேர் இறந்தார்கள். காரணம் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை.

எங்கள் தொழிலில் கேண்டர் என்றாலே நினைவுக்கு வருவது 1985 டிசம்பர் 12. ஆரோ ஏர் நிறுவனத்தின் டிசி-8. சினாய் பாலைவனத்தில் அமைதிப்படையில் இருந்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பும் அமெரிக்கப் படைவீரர்கள் 248 பேர், பணியாளர்கள் 8 பேர். கெய்ரோவிலிருந்து கொலோன், கொலோனிலிருந்து கேண்டர், அங்கிருந்து கென்டக்கி. விடியும் முன் இறங்கி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகத் தரையில் நின்றது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே. லேசான உறைதூறலும் (பட்டதும் உறைந்துவிடும் தூறல்) பனிமணிகளும் விழுந்த நேரம். பனி நீக்கித் தரும்படி யாரும் கேட்கவில்லை. காலை 6.45 வாக்கில் ஓடுபாதையை விட்டு எழும்பிய விமானம் உயரமே பிடிக்கவில்லை. டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையைத் தாழ்வாகத் தாண்டி, ஏரிக்கு முந்தைய சரிவில் மரங்களில் விழுந்து எரிந்தது. 256 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கனடா மண்ணில் நடந்த மிக மோசமான விமான விபத்து இன்றுவரை இதுதான்.

விசாரணை நடத்திய கனடிய விமானப் பாதுகாப்பு வாரியம் 1988 இறுதியில் அறிக்கை வெளியிட்டது. ஒன்பது உறுப்பினர்களில் ஐந்து பேர், இறக்கையில் படிந்த பனியே பெரும்பாலும் காரணம் என்றார்கள். நான்கு பேர் அதை ஏற்க மறுத்து, விமானத்துக்குள் தீயும் வெடிப்பும் ஏற்பட்டிருக்கலாம் என்று தனி அறிக்கை எழுதினார்கள். ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லர்ட் எஸ்டே எல்லாவற்றையும் படித்துவிட்டு, இருக்கும் சான்றுகளை வைத்து எந்தப் பக்கத்தையும் நிறுவ முடியாது என்றார். வாரியத்தின் மீதே நம்பிக்கை போனது. அதைக் கலைத்து 1990இல் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தை அமைத்தார்கள். இணையத்தில் இன்றும் குண்டா பனியா என்று சண்டை போடுகிறார்கள்.

நான் அந்தச் சண்டைக்குள் போவதில்லை. களத்தில் நிற்பவனுக்கு இரண்டு விஷயங்கள் போதும். ஒன்று, உறைதூறலில் நின்ற இறக்கை பனி நீக்காமலே புறப்பட்டது. உறைதூறல் கண்ணாடி போல உறையும். ஈரமா பனியா என்று கீழே நின்று பார்த்துச் சொல்ல முடியாது. நாங்கள் ஏணியில் ஏறி, கையுறையைக் கழற்றிவிட்டு, இறக்கையின் முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் வெறுங்கையால் தடவிப் பார்ப்பது அதனால்தான். ஈரமென்றால் விரல் வழுக்கும், மேடு தட்டினால் பனி. இரண்டாவது, எடை. ஆயுதமும் மூட்டையுமாக வந்த வீரர்களைச் சாதாரணப் பயணிகளின் சராசரிக் கணக்கில் போட்டதால், விமானம் தாளில் இருந்ததைவிடப் பல டன் கனமாக இருந்தது. இன்று கனடாவில் குளிர்காலப் பயணியின் சராசரி எடை கோடைக்காலத்தைவிடக் கூடுதலாகவே கணக்கிடப்படுகிறது. கோட்டும் சப்பாத்தும் எடைதானே. (கைப்பையில் பன்னிரண்டு கிலோவை வைத்துக்கொண்டு, பாரமே இல்லாதது போலச் சிரித்தபடி நடந்து வருகிற நம்மவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.)

வாரியத்துக்குள் சண்டை ஓய்வதற்குள் அடுத்தது நடந்தது. 1989 மார்ச் 10, ஒன்ராறியோவின் ட்ரைடன். அதுவும் வழியில் இறங்கும் இடம்தான்: தண்டர் பேயிலிருந்து வினிபெக் போகும் வழி. ஏர் ஒன்ராறியோவின் எஃப்-28 விமானத்தில் எஞ்சினைத் தொடக்க உதவும் துணை எஞ்சின் வேலை செய்யவில்லை. ட்ரைடனில் வெளியிலிருந்து தொடக்கித் தரும் கருவியும் இல்லை. எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளப்ப முடியாது. அந்த வகை விமானத்துக்கு எஞ்சின் ஓடும்போது பனி நீக்கக் கூடாது. ஆகவே எஞ்சினை ஓடவிட்டபடியே எண்ணெய் நிரப்பினார்கள், பனி நீக்கவில்லை. ஒரு சிறிய விமானம் இறங்கட்டும் என்று மேலும் காத்திருந்தபோதும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. புறப்பட்டதும் ஓடுபாதைக்கு அப்பால் மரங்களில் விழுந்து, 69 பேரில் 24 பேர் இறந்தார்கள்.

நான் இதை எழுதுவதே இந்தப் பத்திக்காகத்தான். அந்த விமானத்தில் பயணிகளாக உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் விமானிகள். இறக்கையில் பனி இருந்ததை அவர்கள் கண்டார்கள். ஓட்டுபவர்களுக்குத் தெரிந்திருக்கும், பனி நீக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள். உயிர்பிழைத்த விமானப் பணிப்பெண்ணும் கவலைப்பட்டிருக்கிறார். ஆனால் இப்படிப்பட்ட விஷயத்தை விமானி அறைக்குக் கொண்டுபோனால் அங்கே வரவேற்பு இருக்காது என்ற எண்ணம் அவரைத் தடுத்தது. நீதிபதி வர்ஜில் மொஷான்ஸ்கி நடத்திய விசாரணை, விமானிகளை மட்டும் குற்றம் சாட்டி முடித்துக்கொள்ளவில்லை. நிறுவனம், அரசு, பயிற்சி, பழக்கம் எல்லாவற்றையும் தோண்டியது. "சுத்தமான இறக்கை இல்லாமல் புறப்பாடு இல்லை" என்ற இன்றைய கண்டிப்பான விதி அதற்குப் பிறகு வந்தது.

இப்போது அந்தத் திடலில் நடப்பதைச் சொல்கிறேன். ஆரஞ்சுத் திரவம், உறைவதைத் தடுக்கும் கிளைகாலும் தண்ணீரும் கலந்தது. கொதிக்கக் கொதிக்க அடித்து இருக்கிற பனியைக் கரைப்போம். பச்சைத் திரவம் கெட்டியானது. புதிதாக விழும் பனியைச் சிறிது நேரம் தன்மேல் வாங்கிக்கொள்ளும். புறப்படும் ஓட்டத்தில் காற்றின் வேகத்தில் தானே வழிந்து போகும். அந்தச் சிறிது நேரத்துக்கு ஹோல்டோவர் டைம் என்று பெயர். பச்சையை அடிக்கத் தொடங்கிய நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். வெப்பநிலை, விழுவது பனியா தூறலா என்பதைப் பொறுத்து அட்டவணை இருக்கிறது. வரிசை நீண்டு நேரம் கடந்துவிட்டால் விமானி திரும்பி வருவார், முதலிலிருந்து அடிப்போம். உறைமழை கொஞ்சம் பலத்தால் அட்டவணையில் நேரமே கிடையாது. அன்று யாரும் கிளம்ப மாட்டார்கள், நீங்கள் என்னைத் திட்டினாலும்.

ஜன்னலோரம் இருப்பவர்கள் இறக்கையை ஒருமுறை பாருங்கள். திரவம் அடித்த பிறகு பச்சையாகவோ வழவழவென்று ஈரமாகவோ இருந்தால் அது எங்கள் வேலை, பயம் வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில் வழிந்து மங்கலாகத் தெரிவதும் அதுதான். எண்ணெய்த் தொட்டிக்கு அடியில், இறக்கையின் கீழ்ப்பக்கம் மெல்லிய உறைபனி இருப்பதை வரம்புக்குள் அனுமதிப்பதுண்டு. அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. மேற்பரப்பில் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்க, விமானம் ஓடுபாதையை நோக்கிப் போகிறதென்றால், அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். எழுந்து நடக்க வேண்டாம். எந்தப் பக்க இறக்கை, உங்கள் வரிசை எண் எது என்பதைச் சொல்லி, "விமானியிடம் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம், அதனால் ஒரு நட்டமும் இல்லை.