ஏஜென்டுக்குக் காசு கட்ட முதல்: பிரைவேட் லிமிட்டட் கம்பனி பதிவில் மாட்டுப்படும் இடங்கள்

பேஸ்புக்கைத் திறந்தால், காசு வாங்கிக் கம்பனி பதிந்து தரும் ஏஜென்டுகளின் “வீட்டிலிருந்தபடியே மூன்று நாளில் கம்பனி” என்ற விளம்பரம் இல்லாத நாள் இல்லை. அது முழுப் பொய்யும் இல்லை. கம்பனிகள் பதிவாளர் திணைக்களம் கொழும்பில் இருந்தாலும் பதிவு வேலை அதன் இ-ரொக் இணையத்தளத்தில்தான் நடக்கிறது. மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ் ஏறத் தேவையில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரு பங்குதாரர், ஒரு பணிப்பாளர், ஒரு கம்பனிச் செயலாளர், இலங்கைக்குள் ஒரு முகவரி இருந்தால் பிரைவேட் லிமிட்டட் என்ற சின்னக் கம்பனி ஒன்றைப் பதியலாம். பின்னணி இவ்வளவு போதும். எங்கள் சனம் மாட்டுப்படுவதெல்லாம் வேறு இடங்களில்.

முதல் கேள்வி, உங்களுக்குக் கம்பனி வேணுமா? என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டாம். மருதமுனையில் நாலு தறி போட்டு நெசவு செய்கிறவருக்கும், களுவாஞ்சிக்குடியில் மிளகாய்த்தூள் அரைத்துப் பைக்கற் போடுகிற அக்காவுக்கும் தேவைப்படுவது வியாபாரப் பெயர்ப் பதிவு. அதை உங்கள் பிரதேச செயலகத்திலேயே செய்யலாம். கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தும் கடிதம், அவர் இல்லாத நாளில் போய்த் திரும்புவது, “கடை உறுதியின் பிரதி எங்கே, வாடகை ஒப்பந்தம் எங்கே” என்று ஒவ்வொன்றாகக் கேட்பது, இந்த அலைச்சல் அதிலும் உண்டு. ஆனால் ஒருமுறை அலைந்தால் முடிந்தது. கம்பனியின் அலைச்சல் வருடா வருடம் வரும்.

வரியைப் பாருங்கள். தனி ஆளாக வியாபாரம் செய்கிறவருக்கு 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் விலக்கு இருக்கிறது. கம்பனிக்கு அப்படி விலக்கு கிடையாது. சாதாரண கம்பனியின் இலாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 வீதம். வேறு வருமானம் இல்லாத ஒருவர் வருடத்தில் 15 இலட்சம் இலாபம் எடுத்தால் வருமான வரி இல்லை. அதே கடை, அதே இலாபம், பெயர்ப் பலகையில் பிரைவேட் லிமிட்டட் என்று போட்டதற்காக நாலரை இலட்சம் போகும். மிஞ்சியதைப் பங்கிலாபமாகக் கையில் எடுக்கும்போது இன்னும் 15 வீதம் பிடிப்பார்கள். பணிப்பாளர் சம்பளமாக எடுத்து இலாபத்தைக் குறைக்கலாம்தான், அதற்கு ஒழுங்கான கணக்கும் கணக்காளரும் வேணும், அவருக்கும் காசு கொடுக்க வேணும். ஏஜென்டின் விளம்பரத்தில் இந்தக் கணக்கை ஒருநாளும் கண்டதில்லை.

“கம்பனி என்றால் கடன் நம்ம தலையில வராது” என்பது அடுத்த கதை. சட்டத்தில் அப்படித்தான். ஆனால் புதுக் கம்பனி ஒன்று வங்கியில் கடன் கேட்டால் பணிப்பாளரின் சொந்தப் பிணைக் கையெழுத்தைக் கேட்பார்கள், அனேகமாக வீட்டு உறுதியையும் கேட்பார்கள். அதில் கையெழுத்து வைத்த நிமிடமே கடன் உங்கள் தலையில்தான்.

கேள்விப்பத்திரம் (டெண்டர்) போடுகிறவர், வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய வாங்குபவர் கம்பனி கேட்கிறார் என்பவர், நாலு பேர் காசு போட்டுப் பங்கு பிரிக்கிறவர்கள், இவர்கள் கட்டாயம் பதியட்டும். இனிச் சொல்லப்போவது அவர்களுக்குத்தான்.

இ-ரொக் தளத்தில் பெயர் கிடைக்குமா என்று பார்ப்பது இலவசம். ஏஜென்டிடம் போக முதல் நீங்களே தேடிப் பாருங்கள். ஏற்கனவே உள்ள பெயரை ஒத்திருந்தால் கிடைக்காது. ‘ஸ்ரீ லங்கா’, ‘தேசிய’ போன்ற சொற்களுக்கு வேறு அனுமதி வேணும், அந்தப் பக்கமே போகாதீர்கள். பெயர்ப் பலகையும் விசிட்டிங் காட்டும் பெயர் அனுமதி வந்த பிறகு அடியுங்கள்.

இனிக் கணக்குத் திறப்பது. எல்லாக் கேடும் இங்கேதான் தொடங்குகிறது. தளத்தில் கணக்குத் திறக்க ஒரு மின்னஞ்சலும் கைப்பேசி இலக்கமும் வேணும். ஏஜென்ட் தன்னுடையதைப் போட்டுவிடுவார். “அண்ணன், நீங்க கஷ்டப்படத் தேவையில்ல, நாங்க பாத்துக்கிறம்” என்பார். கம்பனி பதிவாகும், சான்றிதழின் பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வரும், நன்றி சொல்லுவீர்கள். ஒரு வருடம் கழித்து முகவரி மாற்றப் போனால் ஓடிபி அவருடைய போனுக்குப் போகும். அவர் எடுக்கமாட்டார். எடுத்தாலும் புதுக் கட்டணம் சொல்லுவார். ஏறாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் தன் சொந்தக் கம்பனியின் படிவங்களைப் பார்க்க ஏஜென்டுக்கு இரண்டாம் தடவை காசு கட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆகவே கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் இலக்கத்தில். இதற்கு ஒத்துவராத ஏஜென்டிடம் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

முகவரியும் அப்படித்தான். பதிவு அலுவலகமாகக் கொழும்பு முகவரி ஒன்றைப் “பக்கேஜோடு இலவசம்” என்பார்கள். பதிவாளரின் கடிதம், இறைவரித் திணைக்களத்தின் கடிதம், வழக்கென்றால் அழைப்பாணை, எல்லாம் அங்கே போய்ச் சேரும். உங்கள் கையில் கிடைக்காத கடிதமும் சட்டப்படி கிடைத்த கடிதம்தான். காரைதீவில் இருக்கிற கம்பனிக்குக் காரைதீவு முகவரியைப் போடுங்கள்.

பெயரின் எழுத்துக் கூட்டல் எங்கள் பக்கத்துக்கே உரிய வில்லங்கம். பழைய அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் பெயர் இல்லை. ஏஜென்ட் தனக்குத் தெரிந்தபடி தட்டிவிடுவார். கடவுச்சீட்டில் ஒரு கூட்டல், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று, கம்பனி பதிய விண்ணப்பிக்கும் படிவம் 1இல் மூன்றாவது. தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதிலும் குழப்பம். வங்கியில் “இது நீங்கதான் என்டு எப்படி நம்புறது?” என்று கேட்டுச் சத்தியக் கடதாசி கொண்டுவரச் சொல்லுவார்கள். தளம் உருவாக்கித் தரும் படிவங்களை அச்செடுத்துக் கையெழுத்து வைத்து, ஸ்கான் செய்து திரும்ப ஏற்றுவதுதான் நடைமுறை. அந்தக் கையெழுத்து வைக்கும் நேரத்தில் ஒவ்வொரு எழுத்தையும் கடவுச்சீட்டோடு வைத்துப் பாருங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் அனுப்பி “இதில சைன் வைங்க” என்றால் வைக்காதீர்கள். பங்கு எவ்வளவு, யார் பெயரில் என்பது மற்றப் பக்கங்களில் இருக்கிறது.

செயலாளர் விடயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வருடக் கட்டணம் எவ்வளவு? பதிவுக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டி, செயலாளர் கட்டணத்தில் பிடிப்பது வழக்கம். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பதிவுபெற்ற செயலாளர் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. ஏனென்று வங்கிக்குப் போகும்போது விளங்கும். நடைமுறைக் கணக்குத் திறக்கச் சான்றிதழ், படிவம் 1, அமைப்பு விதிகள், பணிப்பாளர் சபைத் தீர்மானம் கேட்பார்கள். பிரதிகளில் செயலாளரின் கையெழுத்தும் சீலும் வேணும். செயலாளர் நுகேகொடையில் இருந்தால் தபாலில் போய் வரவேணும். வந்த பிறகு “தீர்மானம் எங்கட படிவத்தில இல்லையே” என்பார்கள். அந்தப் படிவத்தை முதல் நாளே ஏன் தரவில்லை என்று கேட்டால் பதில் வராது. நீங்களே முதலில் கிளைக்குப் போய், அவர்களுடைய தீர்மானப் படிவத்தையும் ஆவணப் பட்டியலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு செயலாளரிடம் போங்கள்.

லண்டனிலோ கனடாவிலோ இருக்கிற தம்பி காசு போடுகிறார் என்றால் இதை இரண்டு தடவை வாசியுங்கள். அவர் இப்போது வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர் என்றால், அவருடைய பங்குப் பணம், வெளிநாட்டு முதலீட்டுக்கென்று வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வரவேணும். அம்மாவின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து எடுத்துப் போட்டால், பிறகு இலாபத்தையோ முதலையோ அவர் திரும்ப வெளியே கொண்டுபோகக் கேட்கும்போது வங்கி கையை விரிக்கும். காணி இன்னும் மோசம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, பங்கில் 50 வீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டவரிடம் இருக்கும் கம்பனியின் பெயருக்குக் காணி மாற்ற முடியாது. பாசிக்குடாப் பக்கம் காணி வாங்கி விடுதி கட்டும் யோசனையில் சரிபாதிப் பங்கு எழுதிவிட்டுப் பிறகு நொத்தாரிசிடம் போய் நிற்கிறார்கள். பங்கு பிரிக்க முதல் சட்டத்தரணியிடம் போங்கள், ஏஜென்டிடம் அல்ல.

சான்றிதழ் வந்ததும் கடை திறக்கலாம் என்று நினைக்காதீர்கள். மாநகர சபை அல்லது பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் தனி. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கம்பனிக்கென்று வரி இலக்கம் எடுக்க வேணும், உங்களுடைய சொந்த இலக்கம் உதவாது. ஒரு ஆளை வேலைக்கு வைத்தாலே சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். இது கம்பனி இல்லாத கடைக்கும் பொருந்தும்.

வியாபாரம் ஓடாவிட்டாலும் வருடாந்த அறிக்கை, படிவம் 15, பதிவாளருக்குப் போக வேணும். மார்ச் 31இல் முடியும் வரி வருடத்துக்கான வருமான விபரத்திரட்டு நவம்பர் 30க்குள் இறைவரிக்குப் போக வேணும். “நான் ஒண்டும் விக்கலையே, எதுக்கு?” என்று கேட்பவர்கள் நிறைய. கம்பனி பதிவேட்டில் உயிரோடு இருக்கிறது, அதற்குத்தான். தண்டம் சத்தமில்லாமல் ஏறும், பணிப்பாளரின் பெயருக்கும் சேர்த்து.

ஏற்கனவே மாட்டுப்பட்டவர்களுக்கு: முதலில் பதிவாளரிடம் உங்கள் கம்பனிக் கோப்பின் சான்றுப்படுத்திய பிரதிகளைக் காசு கட்டி எடுங்கள். யார் பணிப்பாளர், யார் செயலாளர், எந்த முகவரி என்பது அதில் தெரியும். பிறகு பணிப்பாளர் சபைத் தீர்மானம் எழுதி, முகவரிக்குப் படிவம் 13, செயலாளரை மாற்றப் படிவம் 20. தளக் கணக்கு ஏஜென்டின் கையில் இருந்தால், பணிப்பாளர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு, அடையாள அட்டைப் பிரதிகளோடு திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தமிழில் எழுதலாம், அது உங்கள் உரிமை. தபால் பற்றுச்சீட்டைப் படிவம் 1இன் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். “உங்கட கடிதம் வரல்ல” என்ற பதில் வரும்போது அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.