பிரைவசி: அந்தரங்கமா, தனியுரிமையா?

இலத்தீனில் 'ப்ரீவுஸ்' என்றால் தனி, ஒற்றை. அதிலிருந்து வந்த 'ப்ரீவாத்துஸ்' பொதுவிலிருந்து பிரிந்ததை, அரசுக்குச் சொந்தமில்லாததைக் குறித்தது. அதன் வழியில் வந்ததுதான் பிரைவசி. (நம் 'பிரி'யோடு உறவு சொல்லிவிடாதீர்கள், ஒலி மட்டும்தான் ஒத்துப்போகிறது.)

தமிழில் பலர் 'அந்தரங்கம்' என்று எழுதுகிறார்கள். அது வடசொல், உள்ளே இருக்கும் பகுதி என்று பொருள், ஆனால் நம் காதில் அது ரகசியமாக விழுகிறது, உடனே "மறைக்க என்ன இருக்கு?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. 'தனியுரிமை'யில் அந்தச் சிக்கல் இல்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கும் அது உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமித்து அடிப்படை உரிமை என்று சொன்னது இதைத்தான். அதனால் என் ஓட்டு தனியுரிமைக்கு.

சரி, இந்தச் சொல்லை விளம்பரத்தில் போடும் நிறுவனத்தை எப்படி நம்புவது? பாளையங்கோட்டையில் நாங்கள் பற்று வைத்திருந்த மளிகைக்கடை அண்ணாச்சி, பக்கத்தில் ஆள் நின்றால் நோட்டைத் திறக்கவே மாட்டார். "இரிங்க, அவிய போவட்டும்" என்பார். நாணயமான மனுசர் என்று ஊரே சொல்லும். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல்தான், நாணயம், இந்த விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அண்ணாச்சிக்கு நம் கணக்கு தெரியும், தெரிந்தும் சொல்லமாட்டார். நல்ல தனியுரிமை நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், தெரிந்துகொள்ளாமலே இருக்கிறது. 2016-இல் அமெரிக்க அரசுத் தரப்பு சட்டப்படியான ஆணையோடு பயனர் விவரம் கேட்டபோது சிக்னல் என்ற செய்திச் செயலியால் கொடுக்க முடிந்தது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே, ஏனென்றால் வேறொன்றையும் அவர்கள் சேர்த்து வைக்கவில்லை. ஸ்வீடனின் முல்வாட் என்ற விபிஎன் (இணையத்தில் நாம் எங்கே போகிறோம் என்பதை மறைக்க உதவும் சேவை) நிறுவனம் கணக்குத் தொடங்க மின்னஞ்சல்கூடக் கேட்பதில்லை, ஓர் எண் தரும், அவ்வளவுதான். 2023 ஏப்ரலில் போலீஸ் சோதனை ஆணையோடு அதன் அலுவலகத்துக்குப் போய், வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியது. வாடிக்கையாளர் வருடக்கணக்கில் விட்டுப் போகாமல் இருப்பது இப்படிப்பட்ட நாட்களைப் பார்த்துத்தான்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு துணிக்கடையில் பில்லுக்காக எண் கொடுத்தேன், அந்த வாரமே கடன் வேணுமா என்று அழைப்புகள். அப்புறம் அந்தப் படி ஏறவில்லை.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று: 'பிரைவசி ஃபோகஸ்டு கம்பெனி' என்று வந்தால் 'தனியுரிமையை மையமாகக் கொண்ட நிறுவனம்' என்று நீட்ட வேண்டாம், 'தனியுரிமை காக்கும் நிறுவனம்' போதும். கணக்கை மூடினால் நம் விவரத்தை அழிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அந்தக் 'காக்கும்' போடுங்கள்.