‘தாய்ப்பால் சர்க்கரை சேர்த்தது’ என்று டின் பால் நீட்டினால்

பிரசவம் முடிந்து சீம்பால் ஊறும் முன்பே, "எச்எம்ஓ சேர்த்த பவுடர்ம்மா, தாய்ப்பால் மாதிரியே" என்று சொல்லி விற்கிறார்கள். எச்எம்ஓ என்பது தாய்ப்பாலில் உள்ள ஒருவகைச் சர்க்கரைகள். தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்புக்கு அடுத்து அதிகமாக இருப்பவை இந்தச் சர்க்கரைகள்தான். நூற்றைம்பது வகைக்கு மேல் உண்டு. குழந்தைக்குச் செரிக்காது, குடலில் வாழும் நல்ல பாக்டீரியாவுக்குத்தான் தீனி. டின்னில் இருப்பது தொழிற்சாலையில் தயாரித்த ஒன்றிரண்டு அல்லது சில வகைகள். அவ்வளவுதான்.

இப்படி விற்பதைத் தடுக்க 1992லேயே சட்டம் வந்தது, 2003ல் திருத்தினார்கள். இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான டின் பால், குழந்தை உணவு, பால் புட்டி எதற்கும் விளம்பரம் கூடாது. இலவச சாம்பிள், பரிசு, தள்ளுபடி ஆசை காட்டி விற்பதும் கூடாது. விற்பனைக்காகக் கர்ப்பிணியையோ கைக்குழந்தைத் தாயையோ தொடர்புகொள்வதே குற்றம். வாட்ஸ்அப்பில் வரும் ‘அம்மாக்கள் குழு’ அழைப்பு ஒரு கம்பெனியுடையதாக இருந்தால் அதுவும் இதில் வரும். லேபிளில் குழந்தை படமோ பெண் படமோ இருக்கக்கூடாது.

சிக்கல் இனிமேல்தான். இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பவுடர் இந்தச் சட்டத்தில் வராது. அதனால் அதே பெயர், அதே நிறத்தில் பெரிய பிள்ளைகளுக்கான டின்னை விளம்பரம் செய்வார்கள். புகார் எழுதும் முன் டின்னில் வயதைப் பாருங்கள். டாக்டர் மருத்துவக் காரணத்துக்காக டின் பால் எழுதித் தருவது குற்றமல்ல. அதற்காகக் கம்பெனி அவருக்குப் பணமோ பரிசோ கொடுப்பதுதான் குற்றம்.

அப்புறம், நீங்களே நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. அதிகாரம் பெற்ற அரசு அலுவலரோ, அரசு அறிவித்த அமைப்போ (தாய்ப்பால் ஊட்டலை ஊக்குவிக்கும் பிபிஎன்ஐ அமைப்பு அதில் ஒன்று) எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். ஆனால் ஸ்டேஷனில் இப்படி ஒரு சட்டம் இருப்பதையே நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு அலுவலகத்தில் "இது ஆஸ்பத்திரி விவகாரம்" என்பார்கள், அடுத்ததில் "உணவு விவகாரம்" என்பார்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் போன வேலை வீண்.

பில், கம்பெனி பெயர் எழுதிய சீட்டு, லேபிளின் நான்கு பக்கப் படம், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மனுவை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஒரு நகலை பிபிஎன்ஐக்கும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், ‘என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன’ என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதற்கு 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.